ஏழு இன்னிங்ஸ், ஒரு எர்ரர்

கோ ஸோவின் இரண்டு கால்களுக்கும் நடுவே பந்து போனதை நான் பார்த்தேன்.

மைதானத்தில் இருந்த எல்லாரும்தான் பார்த்தார்கள். ரயில்பாதை ஓரம் கூடையை இறக்கிவைத்து மாங்காய்க்கு மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருந்த பெண்கூடப் பார்த்தாள். ஆனால் பார்த்ததைப் பென்சிலால் எழுதுகிற வேலை எனக்கு மட்டும்தான் இருந்தது.

ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில்வே லைனை ஒட்டிய கால்பந்து மைதானம் அது. மழைக்காலம் இன்றோ நாளையோ என்று நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, பழைய மீன்வலையை மூங்கிலில் இழுத்துக் கட்டி, அதைப் பேஸ்பால் மைதானமாக ஆக்கியிருந்தோம். வலைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட மேசையில் நான். வெயில் ஏற ஏற வலையிலிருந்து கருவாட்டு வாடை.

பந்து வீசியவர் என் கணவர் வேலு. மட்டை பிடித்து நின்றவர் நான் வேலை பார்த்த ஜப்பானியக் கம்பெனியின் மேனேஜர் கவாய்-சான்; 'சான்' என்பது ஜப்பானியரின் மரியாதைச் சொல். அடித்தவர் ஓடித் தொட வேண்டிய முனைக்குப் பேஸ் என்று பெயர். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில், ஷார்ட்ஸ்டாப் என்கிற இடத்தில் காவல் நின்றவன் கோ ஸோ. வேலுவின் அணிக்காரன்தான்.

கோ ஸோவின் அப்பா ஒரு பெரிய அதிகாரி. ஊரே அவரைப் 'போஜி' என்றுதான் சொல்லும். பட்டாளத்து அதிகாரியை அப்படித்தான் அழைப்போம். அந்த மைதானத்துக்கு அனுமதி வாங்கித் தந்தவர் அவர். சட்டை தைத்துத் தந்தவர் அவர். அன்றைக்கு ஷாமியானா நிழலில், முன்வரிசையில், பனைவிசிறியோடு உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

கவாய்-சான் அடித்தார். தரையோடு உருண்டு வந்த, அவ்வளவு வேகமில்லாத பந்து. கோ ஸோ குனிந்தான். கையுறை தரைவரை இறங்கவில்லை. பந்து கால்களுக்கு நடுவே நுழைந்து பின்னால் புல்லில் போய் நின்றது. கவாய்-சான் முதல் பேஸில் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

நான் எழுதினேன்: ஈ-6. எர்ரர், ஆறாம் எண். ஷார்ட்ஸ்டாப்புக்கு ஸ்கோர் புத்தகத்தில் எண் ஆறு.

எழுந்து போய்ப் பலகையில் 'எர்ரர்' கட்டத்தில் ஒன்று என்ற தகரத்தை மாட்டினேன். 'ஹிட்' கட்டத்தில் தொங்கிய முட்டையைத் தொடவில்லை.

திரும்பி வரும்போது பார்த்தேன். ஷாமியானாவில் விசிறி நின்றிருந்தது.

ரங்கூனில் பேஸ்பாலா?

இந்தத் தொடரில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதிய வாரத்தில், கணவர் பேஸ்பால் ஆடுவார் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். 'ரங்கூனில் பேஸ்பாலா, கிரிக்கெட்டைத்தான் அப்படிச் சொல்கிறீர்களா' என்று பலர் கேட்டுவிட்டார்கள். இல்லை. பேஸ்பால்தான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் கம்பெனியில் டைப்பிஸ்ட். தனலட்சுமி என்ற பெயர் ஆபீஸில் யார் வாயிலும் நுழையாமல் 'மா தான்' ஆகியிருந்தேன். அங்கிருந்த ஜப்பானியர்கள் ஞாயிறானால் மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எதிர்த்து ஆட ஆள் வேண்டுமே? டிரைவர், கிளார்க், அக்கம்பக்கத்துக் கடைக்காரர் என்று பிடித்துப் பிடித்து ஓர் உள்ளூர் அணி சேர்ந்தது.

வேலு அகப்பட்ட விதம் வேறு. மிங்கலா சந்தையில் ஒரு மோட்டார் சாமான் கடையில் அவர் வேலை. கடை குறுகல், ஆனால் மூன்று மாடி. திரும்பி வந்த பேரிங் டப்பாக்களைப் படியேறி வைக்காமல், கீழிருந்தே மூன்றாம் மாடி ஆளின் கைக்கு எறிவார். இடது கை. ஒன்றுகூடத் தவறாது. கார் சாமான் வாங்க வந்த கவாய்-சான் அண்ணாந்து அதைப் பார்த்தபடி நின்றாராம். வாங்க வந்ததை மறந்துவிட்டு ஆளை வாங்கிப்போனார்.

நான் ஸ்கோரர் ஆனதற்குப் பெரிய கதை இல்லை. ஆண்கள் எல்லாருக்கும் ஆட வேண்டும். எழுத ஒருவருக்கும் ஆசையில்லை. "மா தான்-சானுக்குத்தான் கையெழுத்து நல்லா இருக்கு" என்று விதிப் புத்தகத்தை என் மேசையில் வைத்தார் கவாய்-சான். ஆங்கிலப் புத்தகம். மின்சாரம் இல்லாத மத்தியானங்களில் டைப் மெஷினும் ஓய்வெடுக்கும், அப்போது படித்தேன். பிடித்துப்போனது. எந்தப் பந்துக்கும் ஒரு பெயர் இருந்தது. எந்தத் தவறுக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். நான் வளர்ந்த ஊரில் அது சாதாரணம் இல்லை.

ஹிட் எது, எர்ரர் எது

அரைப் பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது புரியாவிட்டால் மற்றது புரியாது.

மட்டையாளர் பந்தை அடித்துத் தன் திறமையால் முதல் பேஸை எட்டினால் அது ஹிட். அதே பந்தை, சாதாரண முயற்சி போதும் என்கிற நிலையில் காவல்காரர் கோட்டைவிட்டு, அதனால் மட்டையாளர் பிழைத்தால் அது எர்ரர். மட்டையாளர் இரண்டிலும் அதே பேஸில்தான் நிற்பார். ஆனால் ஒன்றில் பெயர் அவருக்கு; மற்றதில் கெட்ட பெயர் காவல்காரருக்கு.

இதைத் தீர்மானிக்கிறவர் நடுவர் இல்லை. ஸ்கோரர்.

கல்லில் பட்டுப் பந்து எகிறினால் கதை வேறு. எகிறிய பந்தைச் சாதாரண முயற்சியில் பிடிக்க முடியாது. அதை ஹிட் என்றுதான் எழுத வேண்டும். எழுதியதில் சந்தேகம் வந்தால் ஸ்கோரர் மறுபடி யோசிக்கலாம். ஆட்டம் முடிந்து ஒரு நாளுக்குள் மாற்றலாம். அதற்குப் பிறகு மாற்றக்கூடாது.

எதிரணி ஒரு ஹிட்கூட அடிக்காமல் ஆட்டத்தை முடித்தால் அதற்கு 'நோ ஹிட்டர்' என்று பெயர். பந்து வீசுகிறவர் வாழ்நாளில் ஒரு தடவை போட்டால் போதும், சாகும்வரை அதைச் சொல்லியே டீக்கடையில் உட்காரலாம்.

குடைக்குக் கீழே போஜி

ஏழாவது இன்னிங்ஸ் முடிந்ததும் மழை வந்தது. எங்கள் ஊர் மழை தூறலில் தொடங்காது. சுண்ணாம்புக் கோடுகள் பால் மாதிரி ஓடின. நடுவர் காத்துப் பார்த்தார். முதல் பேஸாகப் போட்டிருந்த மூட்டை மிதக்கத் தொடங்கியதும் கையை விரித்தார். ஆட்டம் அத்தோடு முடிந்தது. வெற்றி வேலுவின் அணிக்கு.

பக்கத்துத் தாமுவேயிலிருந்து வந்திருந்த நம் தமிழாட்கள் வேலுவைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அவர் நழுவி இறங்கி, சொட்டச் சொட்ட என் மேசைக்கு வந்தார்.

"தனம், ஒரு ஹிட்டும் இல்லல்ல?"

"இல்லைங்க."

"மட்டை பிடிச்ச அத்தனை பேரையும் வெறுங்கையா அனுப்பிட்டேன் புள்ள!"

அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெட்டிக்குள் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்த எனக்கு உள்ளே ஏதோ இடறியது. ஏழு இன்னிங்ஸ். முழு ஆட்டம் ஒன்பது. நோ ஹிட்டருக்கும் அந்த ஒன்பது வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் எங்கோ படித்த ஞாபகம். "வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்" என்றேன்.

அப்போது ஒரு பெரிய கறுப்புக் குடை மேசைக்கு மேல் வந்து நின்றது. போஜி. குடையைப் பிடித்திருந்தவர் வேறொருவர்.

"மா தான், அந்த இடத்தில் தரை மேடு. பந்து எகிறிவிட்டது."

"எகிறலை, போஜி."

"வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், தெரியுமில்லையா? இந்தத் தாள்தான் போகும். என் மகன் பெயருக்கு நேராக இது இருக்கக் கூடாது. ஹிட் என்று மாற்றிவிடுங்கள். ஒரு நாள் நேரம் இருக்கிறதாமே."

விதியை விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"நான் பார்த்ததைத்தான் எழுதினேன்."

அவர் வேலுவைப் பார்த்தார். பிறகு என்னை. "உங்கள் புருஷனுக்காக எழுதினீர்கள். ஹிட் என்று எழுதினால் அவருக்கு எதுவும் இல்லை. எர்ரர் என்றால் அவர் பெரிய ஆள். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்."

குடை நகர்ந்தது. மழை மறுபடி என் தலையில் விழுந்தது. எனக்கு வந்தது பயமில்லை, கோபம். பந்து கால்களுக்கு நடுவே போனால் எர்ரர். வீசியவர் என் புருஷனாக இருந்தாலும் எர்ரர். எனக்கு ஆகாதவராக இருந்தாலும் எர்ரர்தான்.

மழையை நானா கூப்பிட்டேன்?

வீட்டில் மாமியார் ரவை கேசரி கிளறிவைத்திருந்தார். பக்கத்து வீட்டார் வாங்கிவந்த பூமாலை ஆணியில் தொங்கியது. அத்தைக்குப் பேஸ்பாலில் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஆனால் மகன் எதையோ சாதித்துவிட்டான் என்று தெருவே சொல்லியாயிற்று.

நான் விதிப் புத்தகத்தை எடுத்தேன். அது அங்கே இருந்தது. நோ ஹிட்டர் என்று கணக்கில் ஏற வேண்டுமானால் ஆட்டம் குறைந்தது ஒன்பது இன்னிங்ஸ் போக வேண்டும். மழை, இருட்டு, எந்தச் சாக்கும் உதவாது. இந்தக் கண்டிப்பு பிற்பாடு வந்ததாம். அமெரிக்காவில் ஒரு குழு உட்கார்ந்து இதை முடிவு செய்தபோது, மழையில் சுருங்கிய ஆட்டங்களில் சாதித்தவர்கள் பலரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்று கவாய்-சான் ஒருநாள் சொல்லியிருந்தார். கிழவர்களாகிப் போன சிலர் காலையில் பேப்பரைப் பிரித்து, தாங்கள் போட்டது போடாததாகிவிட்டதைப் படித்திருப்பார்கள். அன்றைக்குச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

"என்னங்க, இது நோ ஹிட்டர் இல்லை."

தலை துவட்டிக்கொண்டிருந்த துண்டு நின்றது. "ஹிட்டு இல்லேன்னு நீதானே சொன்ன?"

"ஹிட்டு இல்லைதான். ஆனா ஒம்பது இன்னிங்ஸ் ஆடியிருக்கணும். ஏழுல நின்னுபோச்சு."

"ஆட்டம் செல்லுமா?"

"செல்லும். அஞ்சு தாண்டினா செல்லும்."

"ஜெயிச்சது செல்லுமா?"

"செல்லும்."

"அப்ப நான் போட்டது மட்டும் செல்லாதா? மழையை நானா கூப்பிட்டேன்?"

அவர் கேட்டது நியாயம். விதி சொன்னது விதி.

அத்தை கரண்டியோடு வந்துவிட்டார். "ஏத்தா தனம், ஊரான் மவன் தப்பு பண்ணுனான்னு தைரியமா எழுதத் தெரிஞ்சவளுக்கு, கட்டுன புருசன் பேரை ஏத்தி எழுதுனா கையி தேஞ்சுருமா?"

"அவர் வீசின ஒவ்வொரு பந்தும் அதுல இருக்கு அத்தை. நடக்காததை மட்டும் எழுத மாட்டேன்."

"போஜிக்கும் பயப்பட மாட்ட, எங்களுக்கும் இறங்க மாட்ட. யாருக்குத்தான் நீ பொஞ்சாதி?"

வேலு ஆணியிலிருந்த மாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கேசரியை யாரும் தொடவில்லை.

சன்னல்

திங்கள் காலை தாமுவே சாலையில் பிக்கப் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகையில் அப்பாவின் ஞாபகம் வந்தது.

பட்டாள ஆட்சியை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கிய எண்பத்தெட்டில் நான் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. ஒரு நாள் எங்கள் சந்து வழியே நாலைந்து வாலிபர்கள் ஓடினார்கள். ஒருவனுக்குச் செருப்பில்லை. எங்கள் சன்னலுக்குக் கீழே நின்று மூச்சு வாங்கினான், என்னை அண்ணாந்து பார்த்தான், மறுபடி ஓடினான். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. 'எந்தப் பக்கம் போனார்கள்' என்று பட்டாளத்துக்காரர்கள் கேட்டார்கள். அப்பா என் முன்னால் வந்து நின்று, "பிள்ளை எதையும் பார்க்கலைங்க" என்றார்.

அன்றைக்கு அவர் செய்தது சரி. அந்த வாலிபனுக்காகவும் சரி, எனக்காகவும் சரி. ஆனால் அதற்கப்புறம் அது எங்கள் வீட்டின் பழக்கமாகிவிட்டது. சந்தையில் ஒருவன் இன்னொருவனைத் தள்ளிவிட்டாலும் நாங்கள் பார்க்கவில்லை. கீழ்வீட்டுத் தண்ணீர்க் குழாயை யாரோ உடைத்தாலும் பார்க்கவில்லை. கண் நன்றாகத் தெரிகிற ஒரு குடும்பம், வருஷக்கணக்காக எதையும் பார்க்காமலே இருந்தது.

இப்போது என் கையில் ஒரு பென்சில் இருந்தது. 'நீ பார்த்தது என்ன' என்று கேட்பதற்கென்றே எழுதப்பட்ட ஒரு விதிப் புத்தகம் இருந்தது. கேட்டார்கள். சொல்லிவிட்டேன். இனி பார்க்கவில்லை என்று சொல்லப்போவதில்லை.

மட்டைக்காரரும் மேனேஜரும்

ஆபீஸில் உட்கார்ந்ததும் கவாய்-சான் கூப்பிட்டார். மேசையில் சாமான் இறக்குமதிக்கான அனுமதித் தாள்கள். அவற்றில் போஜியின் இலாகா கையெழுத்து வேண்டும் என்பது எனக்குத் தெரியும். டைப் அடித்தவளே நான்தானே.

"மா தான்-சான், காலையிலேயே போன் வந்தது" என்றார். அவருடைய பர்மியமொழி மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வரும். "ஒரு சின்ன எழுத்து. மாற்ற முடியுமா?"

"நீங்க மட்டை பிடிச்சவரா கேக்குறீங்களா, மேனேஜரா கேக்குறீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மட்டை பிடித்தவனாகச் சொன்னால், அது ஹிட் இல்லை. மோசமாக அடித்தேன். வெட்கமாக இருந்தது."

"மேனேஜரா?"

"மேனேஜராகக் கேட்கிறேன்."

"முடியாது, கவாய்-சான்."

பர்மியில் அதற்கு 'மயாபு' என்று ஒரே சொல். ரங்கூனில் யாரும் அதை மேலதிகாரியிடம் சொல்ல மாட்டோம். 'பார்க்கலாம்' என்போம், 'யோசிக்கிறேன்' என்போம். நான் 'மயாபு' என்றேன். சொன்ன பிறகு வாய்க்குள் நன்றாக இருந்தது.

மத்தியானம் எதிர் டீக்கடையில் கோ ஸோ காத்திருந்தான். உயரமான, கூச்சமான பையன். அப்பாவின் சாயல் நெற்றியில் மட்டும்தான். என்னை 'அமா' என்பான், அக்கா என்று.

"அமா, எகிறிச்சுன்னு எழுதிடுங்களேன்."

"எகிறிச்சா?"

கரண்டியால் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும்.

"இல்லை."

"அப்புறம்?"

"நேத்துலேருந்து அப்பா என் முகத்தைப் பார்க்கலை. சாப்பாட்டு மேசைல எதிர்லதான் உட்கார்றார். சோத்தைப் பாத்துக்கிட்டே சாப்பிடறார்."

"பாவம்தான். ஆனா குனியாதது நீ. அதுக்கு நான் ஏன் பொய் எழுதணும்?"

அவன் நிமிர்ந்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். சிரித்துவிட்டான். "அமா, இதுவரைக்கும் என் தப்பை எவனும் எனக்கு எதிர்ல சொன்னதில்லை. அப்பாவோட பதவி அப்படி. பரீட்சைலகூட வாத்தியார் திருத்திப் போட்டுடுவார்." எழுந்துபோனவன் திரும்பி, "அடுத்த தடவை கையுறையைத் தரையில வெச்சுடறேன்" என்றான்.

அன்று மாலை, ஒரு நாள் கெடு முடிந்ததும் தாளில் கையெழுத்துப் போட்டேன். ஹிட் இல்லை. எர்ரர் ஒன்று, ஷார்ட்ஸ்டாப். குறிப்பு என்ற இடத்தில், 'மழையால் ஏழு இன்னிங்ஸில் முடிந்த ஆட்டம்' என்று எழுதினேன். நோ ஹிட்டர் என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

ஷ்வேப்யிதா

தண்டனை சத்தமில்லாமல் வந்தது. அடுத்த வாரமே எனக்கு ஷ்வேப்யிதா கிடங்குக்கு மாற்றல். ஊரின் வடகோடி, இரண்டு பஸ் மாற வேண்டும். தகரக் கூரை, தண்ணீருக்குக் கைப்பம்பு, சாக்கு நாற்றம். "கொஞ்ச நாள்தான்" என்றார் கவாய்-சான், என் முகத்தைப் பார்க்காமல். மைதானத்துக்கான அனுமதியும் போயிற்று. மீன்வலையைச் சுருட்டி ஒரு லாரியில் போட்டுவிட்டார்கள். ஆளாளுக்குக் காத்திருந்த அந்த வெளிநாட்டுப் பயணம் இருக்கிறதே, அது நடக்கவே இல்லை. முதலில் தள்ளிப்போனது, பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

'இதற்குத்தானா' என்று நீங்கள் கேட்கலாம். அத்தை தினமும் கேட்டார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயணம் நடந்திருந்தாலும் அதே எர்ரர்தான். இடம் போனாலும் கூலி குறைந்தாலும் பந்து போன வழி மாறாது. பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றபடி அதைச் சொல்லிக்கொண்டே போவேன். சில நாள் நம்பினேன். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

பஸ்ஸைவிடக் கஷ்டம் வீடு. வேலு என்னோடு சண்டை போடவில்லை, பேசவும் இல்லை. 'சோறு', 'குடை', 'பூட்டிட்டியா' என்று ஒற்றைச் சொற்கள். தெருவில் யாராவது 'நோ ஹிட்டர்' என்று கூப்பிட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். கண்ணைத் தாழ்த்த மாட்டேன்.

மழை ஓய்கிற சமயத்தில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிடங்கின் பின்சுவரில் தொப் தொப்பென்று சத்தம். போய்ப் பார்த்தேன். வேலு. கடைக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து, சுவரில் பந்தை எறிந்துகொண்டிருந்தார்.

"இவ்வளவு தூரமா தெனம் வர்றே?" என்றார்.

"பின்னே?"

இன்னும் இரண்டு பந்து எறிந்தார். "யோசிச்சுப் பார்த்தேன். அந்த ஆளு சொன்னாம்ல, புருஷனுக்காக எழுதுறேன்னு. நீ நோ ஹிட்டர்னு எழுதியிருந்தா அவன் சொன்னது நெசமாயிருக்கும். அந்த எர்ரரும் பொய்யின்னு ஆகியிருக்கும்."

"அதுக்காக நான் எழுதாம விடலைங்க. ஒம்பது ஆடலை. அவ்வளவுதான்."

"தெரியும் புள்ள. நீ அதுக்காக விடல. நான் அதைச் சொல்லி மனசைத் தேத்திக்கிட்டேன். விடேன்." கிடங்குக்குப் பின்னாலிருந்த காலி மனையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். "இங்க தரை நல்லாத்தான் இருக்கு."

அந்த மனை யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. பக்கத்து ஆலைகளில் ஷிப்டு முடிந்த பெண்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள், பிறகு சிலர் உள்ளேயே வந்துவிட்டார்கள். மீன்வலை திரும்பி வந்தது. ஜப்பானியர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் கோ ஸோவும் வந்தான், அப்பாவிடம் சொல்லாமல். கையுறையைத் தரையில் வைத்துக் காட்டி, "அமா, எழுதிக்குங்க" என்றான். அன்றைக்கு அவன் ஒரு பந்தும் விடவில்லை. அதையும் எழுதினேன்.

விருந்து

கவாய்-சான் ஜப்பான் திரும்பும் காலம் வந்தது. ஆபீஸ் மாடியில் மத்தியான விருந்து. தலைமை அலுவலகத்திலிருந்து கறுப்புக் கோட்டுக்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். கிடங்குக்காரி என்றாலும் என்னையும் கூப்பிட்டிருந்தார் கவாய்-சான், வேலுவோடு போனேன்.

போஜியும் வந்திருந்தார். பட்டு லுங்கி, நல்ல மனநிலை. விருந்தாளிகள் பேஸ்பால் பைத்தியங்கள் என்று தெரிந்துகொண்டுவிட்டார். இறால் பரிமாறிக்கொண்டிருக்கும்போது வேலுவின் தோளில் கை போட்டு அவர்கள் முன் நிறுத்தினார்.

"இவர் எங்கள் ஆள். என் அணியில் நோ ஹிட்டர் போட்டவர்! இந்த நாட்டிலேயே முதல் ஆள்!"

கவாய்-சான் கொஞ்சம் தயங்கி அதை ஜப்பானிய மொழியில் சொன்னார். கோட்டுக்காரர்கள் 'ஓ' என்று எழுந்தே விட்டார்கள். ஒருவர் வேலுவின் இடது கையைப் பிடித்துப் பார்த்தார்.

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"அப்படின்னா, போஜி, அந்தப் பந்து எர்ரர்தானே?"

நோ ஹிட்டர் என்றால் ஹிட் இருந்திருக்கக் கூடாது. ஹிட் இல்லையென்றால் அவர் மகன் கோட்டைவிட்டது எர்ரர். பெருமையடிக்கிற வேகத்தில் அவர் அதை யோசிக்கவில்லை. போஜியின் முகம் மெல்ல மெல்லக் கணக்குப் போடுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பார்க்காத மாதிரி இருக்கவில்லை.

கோடியில் உட்கார்ந்திருந்த கோ ஸோ வாயிலிருந்ததை விழுங்கினான். "எர்ரர்தான் அப்பா. தரை மேடெல்லாம் இல்லை. நான் குனியலை."

போஜி மகனைப் பார்த்தார். சோற்றைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையேதான் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, எர்ரர்" என்றார். "அதனால்தானே நோ ஹிட்டர்!"

வேலு தோளிலிருந்த அவர் கையை மரியாதையாக இறக்கிவிட்டார்.

"இல்லைங்க, போஜி. ஏழு இன்னிங்ஸ்தான். ஒன்பது போடாம நோ ஹிட்டர்னு சொல்லக் கூடாது."

"யார் சொன்னது?"

"எங்க ஸ்கோரர்."

கவாய்-சான் அதையும் மொழிபெயர்த்தார். இந்தத் தடவை தயங்கவில்லை. கோட்டுக்காரர்கள் வேலுவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, இடுப்பு வரை குனிந்தார்கள்.

போஜியும் என்னைப் பார்த்தார். நான் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.